மறைத்தவர்களின் விரோதி

பங்குவிலை காலையில் சரிந்தால் அஸ்தமனத்துக்குள் பங்குதாரர் சார்பில் வழக்குத் தொடுத்துவிடும் சாமர்த்தியத்தால் அமெரிக்கக் கம்பெனி அதிபர்களின் நித்திரையைக் கெடுத்து, என்ரான் கம்பெனி மோசடியில் 700 கோடி டாலருக்கு மேல் வசூலித்துக் கொடுத்த வில்லியம் லெராக் என்னும் வக்கீலுக்கு, இத்தனை துரிதத்தில் வாதி எங்கிருந்துதான் அகப்படுகிறாரோ என்று வியந்தவர்கள் அநேகர். 1995-ல் ஜனாதிபதி கிளிண்டனின் மறுப்பையும் மீறி, காங்கிரஸ் சட்டமியற்றி இந்த வேகத்துக்குக் கடிவாளம் போட்டுப் பார்த்தது. குதிரை அதனால் மெலிந்ததாகத் தெரியவில்லை. வாதியாக நிற்கச் சம்மதித்த சில கனவான்களுக்கு, லெராக்கின் பழைய வக்கீல் நிறுவனம் வக்கீல் கட்டணத்தில் ரகசியமாகப் பங்கு அளித்து வந்த வைபவம் பிற்பாடுதான் வெளிவந்தது. உண்மையை மறைத்தார்கள் என்று ஆயுள் முழுதும் பிறர்மேல் வழக்காடிய மனிதர், கோர்ட்டாரிடம் உண்மையை மறைத்த சதிக்காக 2008-ல் 2 வருஷச் சிறைவாசம் பெற்றார். அன்று எந்தக் கம்பெனிக் காரியாலயத்திலும் அநுதாபத் தீர்மானம் நிறைவேறியிருக்காது.