நீல அட்டை வாழ்க!

பிரெக்சிட்டால் என்ன கண்டோம் என்று பிரிட்டனில் இன்னமும் முணுமுணுக்கிறார்கள். நன்றி கெட்ட ஜனங்கள்!

வாரம் 35 கோடி பவுண்டை ஐரோப்பாவுக்கு அனுப்புகிறோம், அதை மருத்துவத்துக்குத் தரலாமே என்று 2016-இல் சிவப்புப் பேருந்தில் எழுதி ஊர் ஊராக ஓட்டினார்கள். பணம் எங்கே என்று கேட்கிறார்கள். பேருந்து போய்விட்டது, ஐயா. அடுத்ததற்குக் காத்திருங்கள்.

பிரதமர்களுக்குக் குறைவில்லை, 2022-இல் மட்டும் மூன்று பேர். அவர்களில் லிஸ் டிரஸ்ஸோடு, யார் அதிக நாள் தாங்குவார் என்று ஒரு பத்திரிகை லெட்டூஸ் கீரையைப் போட்டிக்கு வைத்தது. கீரை வென்றது. கீரையையே தேர்ந்தெடுத்திருக்கலாம், வாக்குறுதியாவது தராது.

அரசின் பேச்சை நம்ப முடியவில்லையாம். ஊரடங்கில் விருந்தே நடக்கவில்லை என்று தமக்கு உறுதி சொல்லப்பட்டதாக நாடாளுமன்றத்தில் அறிவித்தார் அன்றைய பிரதமர் போரிஸ் ஜான்சன். பிறகு போலீசுக்கு அபராதமும் கட்டினார். நடக்காத விருந்துக்கு அபராதம் கட்டும் பெருந்தன்மை யாருக்கு வரும்?

எல்லாம் போகட்டும். கருஞ்சிவப்பு பாஸ்போர்ட் ஒழிந்து, பழைய நீல அட்டை திரும்பியதே! (ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருந்தபடியே குரோஷியா நீலம் வைத்திருக்கிறது, அது வேறு கதை.) ஐரோப்பாவின் பிடியை உதறிய அடையாளம் அது. 2020-இல் கைக்கு வந்தபோது மக்கள் பெருமிதத்தோடு தடவிப் பார்த்தார்கள்.

தயாரிப்பும் பிரமாதம். போலந்துக்காரர்கள் வேலையில் கெட்டிக்காரர்கள்.