முட்டைக்கு இருந்தது, வைரத்துக்கு இல்லை

பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் தலைவர் அவர்களுக்கு, மகளின் கலியாணத்துக்கு வைரத் தோடு தேடி அலையும் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பெற்றோர் சார்பில் பணிவுடன் எழுதப்படுவது:

2022 ஆகஸ்டில் அதிகாரசபை வெள்ளை முட்டைக்கு 43 ரூபாவும் சிவப்பு முட்டைக்கு 45 ரூபாவும் உச்ச சில்லறை விலையென அறிவித்தபோது, ஓட்டின் நிறத்துக்கு 2 ரூபா வேறுபாடு கண்ட அந்த நுண்மை கொழும்பின் சமையலறைகளில் வியந்து பேசப்பட்டிருக்க வேண்டும். வைரத்தின் விலையிலும் நிறத்துக்குப் பங்குண்டு. அங்கே வெளுப்பு உயர்வு, மஞ்சளோ பழுப்போ ஏறினால் தாழ்வு என்பதால், முட்டையில் பெற்ற அனுபவத்தைத் தலைகீழாகப் பிடித்தால் போதும்.

வைரத்துக்கான விலைப்பட்டியலை அதிகாரசபை புதிதாக எழுதவும் வேண்டியதில்லை. நியூயோர்க்கில் 1978இல் மார்ட்டின் ரப்பபோர்ட் தொடங்கிய விலைப்பட்டியல், எடை, நிறம், தெளிவு (கல்லினுள் புள்ளியும் கீற்றும் எவ்வளவு குறைவு என்பது) ஆகியவற்றைக் கட்டங்களாகப் பிரித்து, இயற்கை வைரங்களுக்கு விலை இடுகிறது. கட்டத்தில் 80 என்றிருந்தால் கரட் ஒன்றுக்கு, அதாவது கிராமில் ஐந்திலொரு பங்குக்கு, 8,000 டொலர் என்று பொருள். இரண்டு சுழியங்களை எழுதாமல் விடுவது அத்தொழிலின் தன்னடக்கம் போலும். அந்த எண்ணும் கல் விற்ற விலையன்று, வியாபாரிகள் தமக்குள் பேரத்தைத் தொடங்கும் கேட்பு விலை. பெரும்பாலான கற்கள் அதிலிருந்து கழிவு போட்டே கைமாறுகின்றன. ஆகவே, "பட்டியலுக்கு இத்தனை வீதம் குறைவு" என்று கேட்டு மகிழும் தாய்க்குக் கிடைத்த சலுகை, வியாபாரிகள் தமக்குள் வழக்கமாகவே கழித்துக்கொள்ளும் தொகையாக, சிலவேளை அதற்கும் குறைவாக, இருக்கக்கூடும். 0.99 கரட்டிலிருந்து 1.00 கரட்டுக்கு வந்ததும் விலை ஒரு படி தாவுகிறது. அந்த நூற்றிலொரு பங்கைக் கண்டுகொள்ளும் சம்பந்தி இன்னும் பிறக்கவில்லை. கல் மின்னுவதற்குக் காரணமான வெட்டின் நேர்த்திக்கோ தனிக் கட்டமே கிடையாது.

கொழும்பின் செட்டியார் தெருவில் பவுன் விலையை இரண்டு நகைக்கடைகளில் விசாரித்தால் ஏறத்தாழ ஒரே எண் வரும், ஏனெனில் 22 கரட் தூய்மையுள்ள பொன் எங்கும் ஒரே பொன். இரண்டு வைரங்கள் ஒன்றுபோல் அமைவது அரிது என்பதால், எந்தப் பட்டியலும் அவற்றுக்கு அந்த நம்பகத்தைத் தர இயலாது.

எனவே வேண்டுகோள் ஒன்றுதான். அதிகாரசபைக்குரிய 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் வியாபாரியை விலையைக் காட்சிக்கு வைக்கச் சொல்கிறது. அதே கையோடு, வைரம் விற்கும் பற்றுச்சீட்டில், அதே கல்லை அதே கடை மறுநாள் திருப்பி வாங்கும் விலையையும் எழுதுமாறு அதிகாரசபை பணிக்கட்டும். அடகுக்காரரின் தராசு இப்போதே அதைச் சொல்லிவிடுகிறது: பொதுவாக அங்கே கல்லின் நிறையைக் கழித்துவிட்டுப் பொன்னுக்கு மட்டுமே பணம்.