கம்ப்யூட்டருக்கு டோக்கன் இல்லை

கேள்வி: செயற்கை நுண்ணறிவு டாக்டர் வந்துவிட்டால், "பயப்படாதீங்கம்மா" என்று சொல்ல ஆள் இருக்குமா?
– ஒரு வாசகி, தேனி

பதில்: இப்போது மட்டும் சொல்கிறார்களா, என்ன? 2023-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. இணையத்தில் பொதுமக்கள் கேட்ட 195 மருத்துவக் கேள்விகளுக்கு டாக்டர்கள் எழுதிய பதிலையும் சாட்ஜிபிடி எழுதிய பதிலையும், எது யாருடையது என்று சொல்லாமல், மருத்துவத் துறையினரிடமே கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். பரிவில் ஜெயித்தது இயந்திரம்! அதற்கென்ன, வெளியே டோக்கனோடு யாரும் காத்திருக்கவில்லை. நீட்டி முழக்கி ஆறுதல் சொல்லும். (இருமினால் முதுகைத் தடவிக்கொடுக்காது.)

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில், சர்க்கரை நோயாளிகளின் விழித்திரைப் படத்தைப் பார்த்துப் பாதிப்பைச் சொல்லும் கூகுள் மென்பொருளைக் கொண்டுவந்தார்கள். நல்ல வேலைப் பிரிவினை. படத்தை அது பார்க்கட்டும், மிச்சமாகும் நேரத்தில் டாக்டர், "மாத்திரை எடுத்துக்கொடுக்க வீட்டில் யார் இருக்காங்க?" என்று கேட்கட்டும்.

என் பயமெல்லாம் வேறு. மிச்சமான அந்த ஐந்து நிமிடத்துக்கும் நிர்வாகம் இன்னும் இரண்டு டோக்கன் கொடுத்துவிடும். அப்போதும் டாக்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள்: "சார், நோயாளி இந்தப் பக்கம் இருக்கேன்!"