மாடிக் காற்றாலைக்கு ஒரு வாழ்த்து

வீட்டு மாடியில் ஏறி நிற்கும் சின்னக் காற்றாலையே, நீ வாழ்க! உன் பெருமையை நான் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. பிரிட்டனில் 2007 முதல் 2009 வரை நடந்த வாரிக் சோதனையில் ஐந்து நிறுவனங்களின் 26 காற்றாலைகளைக் கட்டடங்களின் மேல் ஏற்றி, மீட்டர் வைத்துக் கணக்கெடுத்தார்கள். அந்தக் கணக்கே உனக்குப் பரணி.

நீ பொய் சொல்லாதவன். உன்மேல் ஒட்டியிருக்கும் ஒரு கிலோவாட் என்ற சீட்டு முழு உண்மை. நொடிக்கு 12 மீட்டர் வேகத்தில் காற்றடித்தால் தருவாய். வேகம் பாதியானால் மின்சாரம் எட்டில் ஒன்றாகும் என்பது இயற்கையின் விதி. பக்கத்து வீடும் தண்ணீர்த் தொட்டியும் தென்னையும் மறித்து நொடிக்கு 3 மீட்டர்தான் வருமென்றால், கணக்குப்படி அறுபத்து நான்கில் ஒரு பங்குதான் கிடைக்கும். சுமார் 16 வாட்! ஒரு எல்.இ.டி. பல்பு எரியும். வாக்குத் தவறாதவன் நீ. ஊருக்குள் வராத காற்றின்மேல்தான் பழி.

உன் அடக்கத்துக்கு ஈடில்லை. நிறுத்தி வைத்த நாட்களையும் சேர்த்துப் பார்த்தால் சராசரியாக நாளுக்கு 214 வாட்மணி, ஆண்டுக்கு 78 யூனிட் தந்தாய். சீட்டில் சொன்ன திறனில் அது 0.85 சதவீதம். வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக் கூடாது என்பார்கள். நீ கொடுத்தது மின்கட்டண ரசீதுக்கே தெரியவில்லை.

வாங்கிக்கொள்வதிலும் உனக்குக் கூச்சமில்லை. உன் இன்வெர்ட்டர் நாளுக்குச் சராசரி 80 வாட்மணி சாப்பிட்டது. உன் கூட்டத்தில் கடைசியானவன் தந்ததோ 41 வாட்மணி. வீட்டுக்காரரை அன்றாடம் ஈகையில் பழக்கிய புண்ணியம் அவனுக்கே.

அக்கம்பக்கத்தார் மேலும் உனக்குப் பரிவு உண்டு. உயர்ந்த அடுக்குமாடி உச்சியில் நல்ல காற்று கிடைத்த உன் அண்ணன்மார் நன்றாகவே உழைத்தார்கள். இரைச்சல் தாங்கவில்லை என்று குடியிருந்தவர்கள் முறையிட்டதும், சோதனைக் காலத்தின் பெரும்பகுதி நின்றே கிடந்தார்கள். ஓடாமல் நல்ல பெயர் வாங்குவது லேசான காரியமா?

பொறுமையையும் நீதான் கற்றுத் தந்தாய். அந்த நாளில் உன்னைப் பொருத்த 1,500 பவுண்டு, யூனிட் 12 பென்ஸ் என்றே வைத்துக்கொள்வோம். 78 யூனிட்டால் ஆண்டுக்கு மிச்சம் ஒன்பது பவுண்டும் சில்லறையும். போட்ட முதல் திரும்ப 160 ஆண்டு. கொள்ளுப்பேரனின் பேரனுக்கு இப்போதே சொத்து சேர்க்கிறாய்.

உனக்குக் கீழே ஒரு சோலார் தகடு படுத்துக் கிடக்கிறது. சுழலத் தெரியாது, அண்ணாந்து பார்க்க ஆளும் வராது. தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளுக்குச் சராசரி நான்கு யூனிட் தருகிறது. அங்கே நீ ஓராண்டு பாடுபட்டுத் தந்ததை இங்கே அது இருபதே நாளில் தந்துவிடும்.

வாசகரே, உண்மையில் குற்றம் காற்றின்மேல் இல்லை. முப்பந்தலில் கணவாய்க் காற்றை உயர்ந்த கோபுரத்தின்மேல் பிடிக்கும் பெரிய காற்றாலைகள் ஊருக்கே விளக்கேற்றுகின்றன. மாடிக் காற்றாலை விற்க வருபவரிடம் எத்தனை வாட் என்று கேட்காதீர்கள். என் மாடியில் வீசும் காற்றுக்கு ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று கேளுங்கள். எழுதித் தரத் தயங்கினால், அந்தப் பணத்தைச் சோலார் தகட்டில் போடுங்கள்.