கரிவீட்டுக்காரர்

காவிரிப் பாசனப் பகுதியில் வீடு வாங்குவோரை வகைப்படுத்த முற்படும் எவரும், மனை வாங்கிக் கட்டுவோர், கட்டிய வீட்டை வாங்குவோர், பங்காளியின் பாதியை வாங்கி வழக்கையும் சேர்த்து வாங்குவோர் என்னும் மூன்று பெரும்பிரிவுகளுக்கு அப்பால், தீப்பிடித்து எரிந்த வீட்டைத் தேடிப்போய் வாங்குபவர் என்ற நான்காம் பிரிவு ஒன்றையும் ஏற்றுக்கொண்டாக வேண்டும். எண்ணிக்கையில் சிறிய இப்பிரிவைச் சேர்ந்தவரைத் தெருவார் கரிவீட்டுக்காரர் என்று அழைப்பர். பெரும்பாலும் ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவராகவும், கூட்டுறவுச் சங்கத்திலோ பள்ளியிலோ பணியாற்றி ஓய்வு பெற்றவராகவும், அல்லது ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வளைகுடா சென்று மீண்டவராகவும் இருக்கும் இவர், கையிருப்புக் குறைவால்தான் இவ்வழிக்கு வந்தார் என்று கருதுவது பாதி உண்மையே. நல்ல நிலையில் உள்ள பொருளை முழு விலை கொடுத்து வாங்குவது தம் அறிவுக்கு இழுக்கு என்ற கொள்கை மீதிப் பாதி.

இவ்வகையினர் தோன்ற முதலில் வீடு எரிய வேண்டும். சம்பா அறுவடை முடிந்து தை, மாசியில் கொல்லையில் ஏறும் வைக்கோல் போர், தீபாவளி வாணம், மின்கசிவு ஆகியவை அந்த முதற்கட்டப் பணியைச் செய்து முடிக்கின்றன. எரிவது பெரும்பாலும் திண்ணை, ரேழி எனப்படும் நடை, முற்றத்தைச் சுற்றிய கூடம், அடுக்களை, கொல்லை என ஒரே நேர்கோட்டில் நீண்டு, இருபுறமும் அண்டை வீட்டாருடன் பொதுச்சுவரைப் பகிர்ந்துகொள்ளும் பழைய ஓட்டு வீடு. தீ அங்கே கூரையைத்தான் முதலில் தின்னும். சரிவாக இறங்கும் கைமரங்களும் அவற்றின் குறுக்கே அடித்த ரீப்பர் கட்டைகளும் எரிந்துபோக, அவை தாங்கியிருந்த ஓடுகள் கூடத்தில் விழுந்து நொறுங்க, சுவர்கள் மட்டும் வானம் பார்த்து நிற்கும். வீட்டை இழந்தவர் மைத்துனர் வீட்டுத் திண்ணையில் இருமிக்கொண்டிருக்கும் அதே வாரத்தில் கரிவீட்டுக்காரர் துக்கம் விசாரிக்க வந்து சேர்வார். ஹார்லிக்ஸும் ஆறு வாழைப்பழமும் எடுத்து வைத்த பிறகும் அவர் பையின் அடியில் ஓர் அளவு நாடா எஞ்சியிருக்கும்.

பேரம் அவருடைய கலைகளுள் தலையாயது. பேய், தோஷம் எதிலும் நம்பிக்கை இல்லாத பகுத்தறிவாளராக ஆண்டு முழுவதும் விளங்கும் அவர், விலை பேசும் அரை மணி நேரத்துக்கு மட்டும் அனைத்தையும் நம்பத் தொடங்குவார். “அக்கினி பட்ட எடம்ணே, மறுபடி அடுப்பு பத்தவைக்கவே ஆளுங்க யோசிப்பாங்க” என்று விற்பவரிடம் உண்மையான கவலையோடு சொல்வார். ஆடியில் வீடு வாங்கப் பிறர் தயங்குவதால் போட்டி இராது என்பதும், அந்த ஆடியிலேயே பதினெட்டாம் பெருக்கன்று பத்திரம் பதிந்தால் செல்வம் பெருகும் என்று சொல்லி உறவினர் வாயை அடைத்துவிடலாம் என்பதும் அவர் கண்டறிந்தவை. சொத்தின்மீது அடமானம், முன்விற்பனை போன்ற பதிவுகள் உண்டா என்று காட்டும் வில்லங்கச் சான்றை இணையத்தில் காசின்றிப் பார்க்கலாம் என்பதால், நாளிதழைப் போல் அதை நாள்தோறும் படிப்பார். ஆனால், பத்திரப் பதிவுக்கென அரசு நிர்ணயிக்கும் குறைந்தபட்ச விலையான வழிகாட்டி மதிப்பு, நிலத்தைப் பொறுத்தவரை தெருவையும் புல எண்ணையும் கொண்டே குறிக்கப்படுவதால், வீடு எரிந்த செய்தி அதன் காதுக்கு எட்டுவதில்லை. முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு என்ற கணக்கு கரி பிடித்த சுவருக்கும் பொருந்துமா என்று சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உள்ள தேநீர்க் கடைக்காரரிடம் முறையிடுவார். 10 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறையும் என்ற சலுகை 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்ததும், அதுவரை மிக்ஸிக்குக்கூடத் தம் பெயரிலேயே ரசீது போட்டவர், ஒரே நாளில் மனைவியைச் சொத்துரிமையாளர் ஆக்கிவிட்டார்.

கட்டுமானப் பொருள்களைப் பற்றி அவருக்குச் சொந்தக் கோட்பாடுகள் உண்டு. சூளையில் வெந்து வந்த செங்கல் வீட்டுத் தீக்கு அஞ்சாது என்பது முதல் விதி. அது பெருமளவு சரியே. அந்தச் செங்கற்களை மண்ணும் சுண்ணாம்புமே பிடித்திருக்கும் பழைய சுவரை, தீயைவிடத் தீயணைப்பு வண்டியின் தண்ணீர் கூடுதலாக இளக்கியிருக்கலாம் என்ற இரண்டாம் விதி மேஸ்திரிக்குத்தான் தெரியும். அவர் அதை, “சார், இந்தச் சுவத்துல நான் ஏணி சாத்த மாட்டேன்” என்ற ஒரே வாக்கியத்தில் சுருக்கிச் சொல்லிவிடுவார். பின்கட்டில் யாரோ இடைக்காலத்தில் போட்ட கான்கிரீட் தளம் இருந்தால் ஆபத்து மேலும் கூடும். வெப்பம் 300 டிகிரி செல்சியசைத் தாண்டினால் கான்கிரீட் வலுவிழக்கத் தொடங்கிப் பெரும்பாலும் இளஞ்சிவப்பாகும். 600ஐத் தாண்டினால் சாம்பல் வெளுப்புக்கு மாறும். ஆகையால் பொறியாளர்கள் தளத்தின் நிறத்தைக் கொண்டே அது பட்ட சூட்டை ஊகிப்பர். கரிவீட்டுக்காரர் அந்த இளஞ்சிவப்பைப் பார்த்து, பெயின்ட் செலவு மிச்சம் என்று குறித்துக்கொள்வார். சுத்தியல் முனையின் எதிர்த்துள்ளலை அளந்து வலுவை மதிப்பிடும் கருவிகள் உலகில் இருக்க, வல்லத்திலும் திருமலைசமுத்திரத்திலும் பொறியியல் கற்பிக்கும் பல்கலைக்கழகங்கள் கூப்பிடு தூரத்தில் இருக்க, அவர் ஐந்து ரூபாய் நாணயத்தால் தளத்தைத் தட்டிப் பார்த்து, “கணீர்னு இருக்கு” என்று தீர்ப்பளித்துவிடுவார்.

மரத்தில் மட்டும் அவருடைய கணக்கு மெய்யாகவே பலிக்கிறது. கனத்த மரம் எரியும்போது மேலே படியும் கரியே உள்மரத்துக்குக் காப்பாகிவிடுவதால், தீ நிமிடத்துக்கு அரை முதல் முக்கால் மில்லிமீட்டர் அளவே உள்ளிறங்கும். அரை மணி நேரம் எரிந்த தேக்கு உத்திரம்கூடப் பக்கத்துக்கு ஓர் அங்குலத்துக்கும் குறைவாகவே இழந்திருக்கும். ஆசாரி அதை இரண்டு கட்டைகளின்மேல் கிடத்தி வாய்ச்சியால் செதுக்க, முதலில் கட்டம் கட்டமாக வெடித்த கரிச் சில்லுகள் உதிரும். அடுத்துக் காபித்தூள் நிறத்தில் மெல்லிய ஓர் அடுக்கு வரும். அதன் கீழே எண்ணெய்ப் பசையும் வாசனையுமாகப் பொன்னிற மரம் தலைகாட்டும். அக்கணத்தில் கரிவீட்டுக்காரர் முகத்தில் தோன்றும் மலர்ச்சியை, மகளுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்த நாளில்கூடக் கண்டதில்லை என்பது குடும்பத்தாரின் குறை.

இவ்வாறு மீட்டவை அனைத்தும் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் ஏறும். கணக்கியலுக்கு அவர் அளித்த கொடை அந்நோட்டின் வரவுப் பக்கம். அதில், எரியாத பொருள் ஒவ்வொன்றும் இன்றைய கடை விலையில் வரவாக எழுதப்படும். உத்திரம், நிலை, அம்மி, முற்றத்துக் கருங்கல், உடையாத ஓடு எனப் பட்டியல் நீளும். பாசல் மிஷன் 1865இல் மங்களூரில் ஆலை தொடங்கிய பின் தென்னாட்டுக் கூரைகளில் பரவிய சீமை ஓட்டில், ஆலைப் பெயர் பொறித்த பழைய ஓடு கிடைத்தால் அதற்குத் தனி வரி உண்டு. முதல் மூட்டைச் சிமென்ட் இறங்குவதற்கு முன்பே வீடு லாபத்தில் நிற்பது இம்முறையின் சிறப்பு.

எரிந்துபோன வாசற்கதவுக்கு மாற்றுத் தேடி அவர் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குச் செல்வது தனித்து ஆராயத்தக்கது. செட்டிநாட்டு வீடுகளை இடித்ததில் வந்த தூணும் நிலையும் பீங்கானும் குவிந்து கிடக்கும் அத்தெருவில், பழையது மலிவு என்ற அவருடைய அடிப்படைக் கோட்பாடு முதன்முறையாகத் தோற்கிறது. அங்கே பழையதற்குத்தான் விலை. கதவை ஏற்றிவர வாடகை பேசி அழைத்துச் சென்ற குட்டியானை வண்டியில், ஒரேயொரு பித்தளைக் கைப்பிடியை ஏற்றிக்கொண்டு அவர் ஊர் திரும்புவார். வாடகை நோட்டில் ஏறாது, கைப்பிடி ஏறும்.

டெல்டாவின் பருவங்கள் அவருக்காகக் காத்திருப்பதில்லை. வழக்கப்படி ஜூன் 12இல் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்து நடவு தொடங்கினால், கலவை சுமந்த சித்தாள் பெண்கள் வயலுக்குப் போய்விடுவர். ஆற்றங்கரையில் குடியிருந்தும் ஆற்றுமணல் கிடைக்காமல், பாறையை உடைத்து அரைத்த எம்-சாண்டை லாரியில் வரவழைக்க வேண்டும். இத்தடைகளையெல்லாம் கடந்து, எஞ்சிய கூரையைப் பிரிக்க அவர் தேர்ந்தெடுப்பது புரட்டாசி மாதக் கடைசியாகத்தான் இருக்கும். ஐப்பசி அடைமழையில் கூடம் குளமாக, நீலத் தார்ப்பாய்க்கு அடியில் குடை பிடித்து நிற்கும் சொத்துரிமையாளர், “ஏங்க, போன ஐப்பசிக்கும் இதே தார்ப்பாய்தானே?” என்று கேட்பார். சோடா உப்புக் கரைசலால் கழுவி, மூன்று முறை சுண்ணாம்பு அடித்த சுவரிலிருந்து கோடையில் காணாமற்போயிருந்த புகை நாற்றமும், காற்றில் ஈரம் ஏறியதும் அதே மழையில்தான் வீடு திரும்பும். விருந்தினர் மூக்கைச் சுளித்தால், “காலைல சாம்பிராணி போட்டோம்” என்பது ஆயத்த விடை.

நோட்டை ஒதுக்கிவிட்டு ரசீதுகளைக் கூட்டினால், செலவு புதுவீட்டுச் செலவை எட்டியிருப்பது தெரியவரும். ரசீதுகளைக் கூட்டும் வழக்கம் அவரிடம் இல்லை. எனினும் ஒரு நியாயத்தை அவருக்கு மறுக்க இயலாது. வசதியுள்ளவர் வாங்கியிருந்தால் ஜேசிபியை வரவழைத்து ஒரே காலையில் தரைமட்டமாக்கி, முற்றமும் திண்ணையும் அற்ற கான்கிரீட் பெட்டியை எழுப்பியிருப்பார். கஞ்சத்தனத்தால் இடிக்க மனம் வராத இவர் கையில்தான் வெயிலும் மழையும் இறங்கும் முற்றம் ஒன்று பிழைத்துக் கிடக்கிறது. பாரம்பரியத்தைக் காத்தவர் என்று யாரேனும் அவரைப் பாராட்டினால் திகைத்துப்போவார்.

பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் 2021 ஏப்ரல் முதல் வழங்கிவரும் பாரத் கிருஹ ரக்ஷா என்னும் வீட்டுக் காப்பீடு தீ விபத்துக்கும் இழப்பீடு தருவது. அதை அவர் எடுக்கவில்லை. ஒருமுறை எரிந்த வீடு மறுமுறை எரியாது என்பது அவர் கட்சி. மரச் சட்டத்தின்மேல் ஆணியடித்து ஓட்டிய பழைய பேட்டன் ஒயரிங் பின்கட்டில் மட்டும் எரியாமல் தப்பியிருந்ததால், அதையும் வரவுப் பக்கத்தில் எழுதி இன்றுவரை பயன்படுத்தி வருகிறார். அவருடன் பொதுச்சுவரைப் பகிர்ந்துகொள்ளும் அண்டை வீட்டார் தத்தம் வீட்டுக்கு அக்காப்பீட்டைத் தாமதமின்றி எடுத்துக்கொள்வது நல்லது.