புகார் மூடிய மலை

மூஞ்சிக்கல் டீக்கடை பெஞ்சில், ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தாவுக்கும் பூம்பாறை விவசாயிக்கும் நடுவே ஒரு தடித்த புத்தகம் கிடந்தது. பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா. 1973-ம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தை 2024 ஜூலை 1-ல் வீட்டுக்கு அனுப்பிய சட்டம். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும்.

“மலைப்பூண்டுல ஒரு மூட்டை காணோம்ணே. ஸ்டேஷன்ல புகார் கொடுத்தேன்.”

“அது புகார் இல்லப்பா. மாஜிஸ்திரேட்டுகிட்ட சொன்னாத்தான் சட்டப்படி புகார். நீ கொடுத்தது தகவல்.”

“அப்ப எஃப்ஐஆர்?”

“வரையறைப் பிரிவுல அந்த வார்த்தையே கிடையாது. ஜாமீனுக்கே இப்பத்தான் அர்த்தம் எழுதியிருக்காங்க.”

ஐம்பது வருஷமாக அர்த்தம் எழுதாமலேயே கொடுத்தும் மறுத்தும் வந்திருக்கிறார்கள்!

“விசாரிக்கிறோம்னு சொன்னாங்களே?”

“போலீஸ் பண்ணினா புலன்விசாரணை. வழக்கை நடத்துறதுக்கு முன்னாடி மாஜிஸ்திரேட் பண்ணினா வெறும் விசாரணை. நடத்த ஆரம்பிச்சா வழக்கு விசாரணை.”

பழந்தமிழில் புகார் என்றால் பனிமூட்டம். அன்று எதிரே நின்ற பஸ்ஸே தெரியவில்லை.

“மூட்டை என்ன பெறும்?”

“நாலாயிரத்து எண்ணூறு.”

குமாஸ்தா உச்சுக்கொட்டினார். “அஞ்சாயிரத்துக்குக் கீழே. முதல் தடவை மாட்டினவன், பொருளைத் திருப்பிக் கொடுத்துட்டா சமூக சேவையோட போச்சு. அந்த வகைன்னா வாரன்ட் இல்லாம கைது பண்ண முடியாது. மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாம புலன்விசாரணையும் கிடையாது.”

“திருடன் யாருன்னே தெரியல. அவனுக்கு இது முதல் தடவையான்னு யாருண்ணே சொல்றது?”

குமாஸ்தா கண்ணாடியைத் துடைத்தார்.

“சரி, இதே கொடைக்கானல்ல ரெண்டு மாடிக்கு அனுமதி வாங்கி ஏழு மாடி எழுப்புனாங்களே, பிளசன்ட் ஸ்டே ஓட்டல். அது எந்த வகை?”

“அதுல எல்லாப் படியும் ஏறினாங்கப்பா. அதுக்கு விலக்குக் கொடுத்த வழக்குல, 2000 பிப்ரவரி 2-ல முன்னாள் முதல்வர் ஜெயலலிதாவுக்குத் தனி நீதிமன்றம் ஓராண்டு சிறை விதிச்சது. 2001 டிசம்பர்ல உயர் நீதிமன்றம் விடுதலை பண்ணிடுச்சு.”

விவசாயி விரல்விட்டு எண்ணினார். “அங்க கூடுதல் அஞ்சு மாடி. இங்க அஞ்சாயிரத்துக்கு இருநூறு குறையுது.” கொஞ்சம் யோசித்தார். “ஏண்ணே, வர்ற வடுகபட்டி சந்தையில பூண்டு விலை ஏறிட்டா? எந்த நாள் விலையைக் கணக்குல எடுப்பாங்க?”

குமாஸ்தா எச்சில் தொட்டுப் பக்கங்களைப் புரட்டத் தொடங்கினார். விவசாயி இன்னும் இரண்டு டீ சொன்னார்.