முதல் பந்தி, இரண்டாம் பந்தி

ஸ்காட்லாந்து என்ற பெயரே ஒரு குடும்ப ரகசியத்தைப் போட்டு உடைக்கிறது. பழைய லத்தீனில் 'ஸ்காட்டி' என்றால் அயர்லாந்துக்காரர்கள். 563இல் அயோனா தீவில் வந்து இறங்கி ஞானம் விநியோகித்த கொலம்பா சாமியாரும் அயர்லாந்து சரக்குதான். ஆக, முதல் பந்தியில் உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் அக்கரை ஆசாமிகள். சாப்பிட்டு ஏப்பம் விட்டதும் மண்ணின் மைந்தர்கள் ஆகிவிட்டார்கள்.

1840களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகியது. பட்டினிக் கூட்டம் கப்பலேறி கிளாஸ்கோவில் இறங்கியது. "யார் வீட்டு ஆளுங்க நீங்க?" என்றது முதல் பந்தி. இருந்தவர்கள் பெரும்பாலும் புராட்டஸ்டன்டுகள்; வந்தவர்கள் கத்தோலிக்கர்கள் வேறு. கேட்கவா வேண்டும்! 1923இல் ஸ்காட்லாந்து திருச்சபை, அயர்லாந்து இனத்தால் நம் தேசியத்துக்கு ஆபத்து என்று தலைப்பிட்டே ஓர் அறிக்கை வைத்தது. வருத்தம் தெரிவிக்க 2002 வரை ஆனது. கர்த்தருக்கு ஆயிரம் வருஷம் ஒரு நாள் என்றால் இது ஏறக்குறைய இரண்டு மணி நேரத் தாமதம்தான்.

அயர்லாந்துக்காரர்களைக் கரித்துக்கொட்டி எழுதிய ஆண்ட்ரூ டூவார் கிப், 1936இல் ஸ்காட்லாந்து தேசியக் கட்சிக்கே தலைவரானார். அப்புறம் எந்த இரண்டாம் பந்திக்காரன் அந்தக் கட்சியோடு சேர்ந்து "சுதந்திரம் வாழ்க" என்பான்? எடின்பரோவில் சட்டமன்றம் வந்தால், வட அயர்லாந்தின் ஸ்டோர்மன்ட் சட்டமன்றம் கத்தோலிக்கர்களை ஓரங்கட்டிய கதைதான் இங்கேயும் நடக்கும் என்று பயந்தார்கள். அயர்லாந்துக்குச் சுதந்திரம் தேன், ஸ்காட்லாந்துக்குச் சுதந்திரம் வேப்பெண்ணெய். சனிக்கிழமை தங்கள் செல்டிக் கால்பந்து அணியின் மைதானத்தில் லண்டனை விரட்டும் பாட்டு. வியாழக்கிழமை வாக்குச்சாவடியில் லண்டனோடு சேர்ந்திருக்கச் சொல்லும் லேபர் கட்சிக்கு ஓட்டு. தொண்டை ஒரு கட்சி, விரல் ஒரு கட்சி.

காலம் மாறியது. தேசியக் கட்சி கத்தோலிக்கப் பள்ளிகளுக்குக் கை கொடுத்தது. பழைய பயம் தேய்ந்தது. 2014 செப்டம்பர் 18, அதுவும் வியாழன், சுதந்திர வாக்கெடுப்பு. சில நாள் முன்பு, 'பிரிவினை வேண்டாம்' என்று புராட்டஸ்டன்ட் ஆரஞ்சு சங்கத்தார் எடின்பரோவில் மேளதாளத்தோடு ஊர்வலம் போனார்கள். பரம்பரைப் பகையாளி வேண்டாம் என்றால், அதில் ஏதோ நல்லது இருக்கத்தான் வேண்டும்! புராட்டஸ்டன்டுகளைவிடக் கத்தோலிக்கர்களே அதிகமாக 'ஆம்' என்றதாகக் கணிப்புகள் சொல்லின. கிளாஸ்கோவும் 53 சதவீதத்தோடு 'ஆம்' என்றது. நாடு மட்டும் 55 சதவீதத்தோடு 'இல்லை' என்றுவிட்டது.

கிப் உட்கார்ந்த அந்தத் தலைவர் நாற்காலிக்கு 2023இல் வந்தவர் ஹம்ஸா யூசஃப், பாகிஸ்தான் வம்சாவளி. மூன்றாம் பந்திக்காரர் இலைக்குக் காத்திருக்கவே இல்லை; நேரே போய்ப் பரிமாறும் கரண்டியைப் பிடித்துவிட்டார்.